எழுவாய் இல்லாத நாட்கள்: நோயும் ஓவியமும்

வடக்கு பிரான்சில் விதை வியாபாரி ஒருவரின் மகன் சட்டம் படித்துவிட்டு, வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தான். காகிதங்களைப் பிரதி எடுப்பதும் அடுக்கி வைப்பதும்தான் வேலை. இருபது வயதில் குடல்வால் அழற்சி வந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தான். பொழுது போகட்டும் என்று அம்மா ஒரு வண்ணப்பெட்டி வாங்கித் தந்தார். அந்தப் பெட்டி திறந்ததும் சட்டப் புத்தகம் மூடிக்கொண்டது. சிறிது காலத்தில் ஓவியம் கற்கப் பாரிஸுக்குக் கிளம்பிவிட்டான். அவன்தான் ஹென்றி மத்தீஸ்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து நோய் மறுபடியும் வந்தது. 1941 ஜனவரியில், 71 வயதில், லியோன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் அவருக்குக் குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது. அதைத் தொடர்ந்து நுரையீரலில் ரத்தம் கட்டி, பிழைப்பது கடினம் என்ற நிலை. எடுத்த வேலையை முடிக்க இன்னும் மூன்று நான்கு ஆண்டுகள் கிடைத்தால் போதும் என்று மருத்துவர்களிடம் அவர் கேட்டுக்கொண்டார். கிடைத்தது ஏறக்குறைய 14 ஆண்டுகள். அங்கே செவிலியராக இருந்த கன்னியர் அவருக்கு வைத்த செல்லப்பெயர் ‘உயிர்த்தெழுந்தவர்’.

ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை. வயிற்றுத் தசைகள் பலவீனப்பட்டிருந்தன. ஓவியச் சட்டத்தின் முன் மணிக்கணக்கில் நின்று வரையும் காலம் முடிந்துவிட்டது. படுக்கையும் சக்கர நாற்காலியும்தான் இனி. அப்போது அவர் கத்தரிக்கோலை எடுத்தார். நீரில் கரையும் கெட்டிச் சாயத்தை உதவியாளர்கள் காகிதத் தாள்களில் பூசிக் காயவைத்துத் தருவார்கள். அந்த வண்ணத் தாளை அவர் மடியில் வைத்துக்கொண்டு நேரடியாக வெட்டுவார். வெட்டிய துண்டுகளை அவர் சொல்லும் இடத்தில், சொல்லும் சாய்வில், உதவியாளர்கள் சுவரில் குண்டூசியால் குத்துவார்கள். சுவரில் கோடு இழுக்க வேண்டுமானால் நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கரித்துண்டைக் கட்டிக்கொண்டு படுக்கையிலிருந்தே வரைவார். 1947-இல் வெளிவந்த ‘ஜாஸ்’ படத்தொகுதியும், 1952-இன் நீல நிர்வாண உருவங்களும் இப்படிப் பிறந்தவை. இந்த ஆண்டுகளைத் தன் இரண்டாவது வாழ்க்கை என்றே அவர் கருதினார்.

வண்ணம் அவருடைய புற்றுநோயைக் குணப்படுத்தவில்லை. அறுவை மருத்துவரின் கத்திதான் அவரைக் காப்பாற்றியது. அப்படியானால் வண்ணமும் கத்தரிக்கோலும் செய்தது என்ன? கடும் நோயில் விழுந்தவர்கள் ஓவியத்தில் ஆறுதல் கண்டதற்குச் சான்றுகள் ஏராளம். அந்த ஆறுதலின் உள்ளே உடலிலும் மூளையிலும் என்ன நடக்கிறது என்பதைக் கடந்த அறுபது ஆண்டுகால அறிவியல் மெல்ல மெல்லத் திறந்து காட்டி வருகிறது.

செயப்பாட்டு வினையில் ஒரு வாழ்க்கை

பள்ளிக்கூடத்தில் செய்வினை, செயப்பாட்டு வினை என்று படித்திருப்போம். மருத்துவமனை வார்டில் ஒரு வாரம் படுத்தவருக்கு அந்தப் பாடம் மறுபடி நினைவுக்கு வரும். காலையில் ரத்தம் எடுக்கப்படுகிறது. ட்ரிப்ஸ் ஏற்றப்படுகிறது. உடல் புரட்டப்படுகிறது, துடைக்கப்படுகிறது, எடை பார்க்கப்படுகிறது. ஸ்கேனுக்குக் கட்டில் தள்ளிச் செல்லப்படுகிறது. என்ன சாப்பிடலாம், எப்போது தூங்கலாம், யார் வந்து பார்க்கலாம் என்பதெல்லாம் வேறு யாராலோ முடிவு செய்யப்படுகிறது. எல்லாமே அவர் நன்மைக்காகத்தான். ஆனாலும் ஒரு நாள் முழுவதும் நடந்த வாக்கியங்களில் ஒன்றில்கூட அவர் எழுவாயாக இல்லை. நேற்று வரை குடும்பத்தையும் அலுவலகத்தையும் நடத்தியவர், இன்று கேஸ் ஷீட்டில் ஒரு படுக்கை எண்.

வலியும் பயமும் தவிர, நோய் தரும் மூன்றாவது துன்பம் இது. இதை மூளை எப்படி எடுத்துக்கொள்கிறது?

1967-இல் அமெரிக்க உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தம்மால் நிறுத்தவே முடியாத மின்னதிர்ச்சியைப் பெற்ற நாய்கள், பின்னர் தப்பிக்க வழி கிடைத்தபோதும் முயலாமல் படுத்துக் கிடந்தன. ‘நாம் என்ன செய்தாலும் ஒன்றும் மாறாது’ என்று அவை கற்றுக்கொண்டுவிட்டன என அவர்கள் விளக்கினார்கள். ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்ற கருத்து இப்படித்தான் உளவியலுக்கு வந்தது.

ஐம்பது ஆண்டுகள் மூளை ஆய்வு வளர்ந்தபின், 2016-இல் அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினார்கள். கையறுநிலை கற்றுக்கொள்ளப்படுவதே இல்லை. துன்பம் நீடிக்கும்போது பாலூட்டிகளின் மூளை இயல்பாகவே போய்ச் சேரும் நிலை அது என்றார்கள். மூளைத்தண்டில் டார்சல் ராஃபே என்ற நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. நீண்ட துன்பத்தில் அது தூண்டப்பட்டு, முயற்சியை ஒடுக்கி அச்சத்தைக் கூட்டுகிறது. கற்றுக்கொள்ளப்படுவது இதற்கு நேர் எதிரானது: ‘என் செயலால் ஏதோ மாறுகிறது’ என்ற அறிவு. இரண்டு எலிகளுக்கு ஒரே அளவு அதிர்ச்சி. ஒன்றின் முன்னால் மட்டும் ஒரு சிறு சக்கரம். அதை அது சுழற்றினால் இரண்டுக்குமே அதிர்ச்சி நிற்கும். இரண்டும் பட்ட துன்பம் சமம்தான். ஆனால் சக்கரம் சுழற்றிய எலி துவண்டுபோகவில்லை. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணியின் ஒரு பகுதி, ‘கட்டுப்பாடு என் கையில் இருக்கிறது’ என்பதைக் கண்டறிந்ததும், மூளைத்தண்டின் அந்த நரம்பணுக் கூட்டத்தை அடக்கிவிடுகிறது.

எலியிலிருந்து மனிதருக்கு ஒரே தாவலில் போய்விடக் கூடாது. ஆனால் மனிதர்களிடமும் இந்த வழியில் ஒரு தடயம் உண்டு. 1976-இல் உளவியலாளர்கள் எலன் லேங்கரும் ஜூடித் ரோடினும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில முதியோர் இல்லம் ஒன்றில் ஓர் எளிய சோதனை செய்தார்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் அறையும் உங்கள் நேரமும் உங்கள் பொறுப்பு என்று சொல்லி, பிடித்த செடியைத் தேர்ந்தெடுத்து வளர்க்கச் சொன்னார்கள். இன்னொரு தளத்தாருக்கும் செடி தரப்பட்டது. ஆனால் தண்ணீர் ஊற்றுவது செவிலியர். மூன்று வாரங்களில், தாமே தண்ணீர் ஊற்றியவர்கள் அதிகச் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள். செடி இரண்டு தளத்திலும் இருந்தது. யார் முடிவு செய்வது, யார் தண்ணீர் ஊற்றுவது என்பதில்தான் வித்தியாசம்.

ஒரு வெள்ளைத்தாள் நோயாளிக்குக் கொடுப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். நீலமா மஞ்சளா? மேலேயா கீழேயா? இந்தக் கோடு இங்கே நிற்கட்டுமா, இன்னும் போகட்டுமா? பத்து நிமிடம் வரைந்தால் நூறு முடிவுகள். ஒவ்வொன்றின் விளைவும் அந்த நொடியிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. அந்த எலியின் சக்கரத்தைப் போல, கை அசைந்தால் உலகில் ஒன்று மாறுகிறது. உடலில் நடப்பதை நிறுத்த அவரால் முடியாது. தாளில் நடப்பது முழுக்க அவர் செயல்.

சானடோரியத்தில் பிறந்த சொல்

ஓவியத்தை மருத்துவமனைக்குள் முறையாகக் கொண்டுவந்தவரும் ஒரு நோயாளிதான். ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் முதல் உலகப்போரின் போர்முனைகளை வரைந்தவர். 1938-இல் காசநோய் கண்டு, இங்கிலாந்தின் மிட்ஹர்ஸ்ட் ஊரில் இருந்த சானடோரியத்தில் சேர்க்கப்பட்டார். காசநோயைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை சிகிச்சை என்றால் சத்தான உணவு, திறந்த சன்னல், படுக்கை. அசையாமல் மாதக்கணக்கில் படுத்திருப்பதுதான் மருந்து. செயப்பாட்டு வினையின் உச்சம் அது.

ஹில் படுத்தபடியே கைக்கெட்டிய தூரத்தில் இருந்ததை வரைந்தார். பொழுது நகர்ந்தது, மனம் நிலைகொண்டது. உடன் இருந்த நோயாளிகளையும் வரையத் தூண்டினார். இரண்டாம் உலகப்போர் மூண்டபின், அங்கே கொண்டுவரப்பட்ட காயமுற்ற வீரர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். வரைந்தவர்களில் சிலர் போரில் கண்டதைப் படமாக்கினார்கள். வாயால் சொல்ல முடியாதது தாளில் வந்தது. தான் கண்டதற்கு 1942-இல் ‘கலைச் சிகிச்சை’ என்று பெயர் வைத்தார் ஹில். 1945-இல் வந்த அவருடைய நூலின் தலைப்பு, ‘நோய்க்கு எதிராகக் கலை’ என்று பொருள்படும். 1946-இல் ஓவியர் எட்வர்டு ஆடம்சன் இங்கிலாந்தின் நெதர்ன் மனநல மருத்துவமனையில் நோயாளிகளுக்கான ஓவியக்கூடத்தைத் தொடங்கினார். 1964-இல் பிரிட்டனில் கலைச் சிகிச்சையாளர்களுக்கென்று சங்கம் உருவானது. நோயாளி ஒருவர் தன் படுக்கையில் கண்டுபிடித்தது, ஒரு தொழிலாக வளர்ந்தது.

வலிக்கு ஒரு வாயிற்கதவு

குழந்தைக்கு ஊசி போடும்போது சன்னலில் காக்காவைக் காட்டிப் பராக்குக் காட்டுகிறோம். ஊசி போட்டதே தெரியாமல் போய்விடும் என்று நம் பாட்டிமாருக்குத் தெரியும். ஏன் தெரியாமல் போகிறது என்பதை 1965-இல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு அறிஞர்கள் விளக்க முற்பட்டார்கள். அடிபட்ட இடத்திலிருந்து மூளைக்கு வலி ஒரு மணிக்கம்பி போல நேராக ஓடுவதில்லை. தண்டுவடத்தில் ஒரு வாயிற்கதவு இருக்கிறது என்றார்கள். கீழேயிருந்து வரும் தொடுகை உணர்வுகள் அந்தக் கதவைச் சாத்தும். இடித்துக்கொண்ட முழங்கையைத் தேய்த்துவிட்டால் வலி குறைவது இதனால்தான். மேலே மூளையிலிருந்து இறங்கி வரும் கட்டளைகளும் கதவைத் திறக்கவோ சாத்தவோ முடியும். கவனம், பயம், எதிர்பார்ப்பு எல்லாம் அந்த வழியாகத்தான் வலியில் கைவைக்கின்றன. அவர்கள் வரைந்து காட்டிய கதவின் நுணுக்கங்கள் பின்னால் திருத்தப்பட்டன, மூலக்கருத்து நிலைத்துவிட்டது.

2012-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆய்வாளர்கள் இதைத் தண்டுவடத்திலேயே பார்த்தார்கள். கையில் சூடு வைத்தபடி, நினைவாற்றலைச் சோதிக்கும் வேலை ஒன்றைச் செய்யச் சொன்னார்கள். எளிய வேலையின்போது இருந்ததைவிட, கடினமான வேலையின்போது வலி குறைந்தது. தண்டுவடத்தில் வலிச் சமிக்ஞையே குறைந்திருந்தது ஸ்கேனில் தெரிந்தது. உடலின் சொந்த அபின் போன்ற பொருட்களின் வேலையைத் தடுக்கும் நலோக்சோன் மருந்தைக் கொடுத்தபோது, பராக்கின் பலன் சரிந்தது. ஆகவே பராக்கு என்பது மனதை ஏமாற்றும் தந்திரம் அல்ல. உடல் தானே சுரக்கும் வலிநிவாரணியை அது வேலைக்கு அழைக்கிறது.

இந்தச் சோதனையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. வேலை கடினமாக இருந்தால்தான் கதவு நன்றாகச் சாத்துகிறது. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது மனம் பாதியில் நழுவி மறுபடி நோயிடமே போய்விடுகிறது. வரையும்போது அப்படி நழுவ இடம் குறைவு. கண் அளக்க வேண்டும், கை அதைப் பின்பற்ற வேண்டும், அடுத்த நிறம் என்ன என்பதை நினைவில் பிடித்திருக்க வேண்டும், ஈரம் காய்வதற்குள் முடிவெடுக்க வேண்டும். மிகாய் சிக்சென்ட்மிகாய் என்ற உளவியலாளர் 1960-களில் சிகாகோவில் ஓவிய மாணவர்களைக் கவனித்தபோது, படம் நன்றாக வந்துகொண்டிருக்கும் நேரத்தில் அவர்கள் பசியையும் களைப்பையும் மறந்துவிடுவதைப் பார்த்தார். தன்னை மறந்து செயலில் ஓடும் இந்த நிலையைப் பற்றிய அவருடைய கோட்பாடு அங்கிருந்துதான் வளர்ந்தது. நோயாளிக்கு அந்த மறதி பத்து நிமிடம் கிடைத்தாலும் பெரிய ஓய்வு.

எண் சொல்லாததைப் படம் சொல்லும்

‘வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?’ என்று மருத்துவர் கேட்பார். ஏழு என்று சொல்லலாம். ஆனால் குத்துகிறதா, எரிகிறதா, பிழிகிறதா, இரவில் தனியாக வருகிறதா என்பதெல்லாம் அந்த ஏழில் இல்லை.

1925 செப்டம்பர் 17 அன்று மெக்சிகோ நகரில் பேருந்தும் டிராமும் மோதிக்கொண்டன. பேருந்தில் இருந்த 18 வயது ஃப்ரீடா காலோவின் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் காலும் முறிந்தன. மருத்துவம் படிக்க நினைத்திருந்தவர் அவர். மாவுக்கட்டுக்குள் அசைய முடியாமல் கிடந்த மகளுக்கு, படுத்தபடி வரையக்கூடிய ஒரு சட்டத்தை அம்மா செய்வித்துத் தந்தார். கட்டிலின் மேற்கூரையில் ஒரு கண்ணாடியும் பொருத்தப்பட்டது. எதிரில் தெரிந்தது தன் முகம் மட்டும், அதையே வரைந்தார். 1944-இல் வரைந்த ‘உடைந்த தூண்’ என்ற ஓவியத்தில், உடல் நடுவில் பிளந்திருக்க, முதுகெலும்பு இருந்த இடத்தில் விரிசல் விட்ட ஒரு கல்தூண் நிற்கிறது. தோலெங்கும் ஆணிகள். உடலை இழுத்துப் பிடிக்கும் பட்டைகள். அந்தப் படத்தைப் பார்த்தவர் யாரும் எவ்வளவு வலி என்று எண் கேட்க மாட்டார்.

படம் தரும் இந்தத் தகவலை மருத்துவமும் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறது. 2002-இல் அமெரிக்காவில் தலைவலியோடு வந்த 226 குழந்தைகளிடம், வேறு எதையும் கேட்பதற்கு முன், உன் தலைவலியை வரைந்து காட்டு என்றார்கள். சுத்தியலால் அடிப்பது, வெளிச்சத்துக்குப் பயந்து இருட்டில் படுத்திருப்பது, கண்முன் மின்னும் கோடுகள் என்று குழந்தைகள் வரைந்தார்கள். படத்தை மட்டும் பார்த்து, அது ஒற்றைத் தலைவலியா இல்லையா என்று சொன்ன முடிவும், நரம்பியல் மருத்துவர் தனியாகப் பரிசோதித்துச் சொன்ன முடிவும் பெரும்பாலும் ஒத்துப்போயின.

நியூசிலாந்தில் 2004-இல் வெளியான ஆய்வு இன்னும் வியப்பானது. மாரடைப்பு வந்த நோயாளிகளிடம் தங்கள் இதயத்தை வரையச் சொன்னார்கள். பெரிய பாதிப்பு இருப்பதாக வரைந்தவர்கள், மூன்று மாதம் கழித்தும் தங்கள் இதயம் தேறவில்லை என்று நம்பினார்கள். வேலைக்குத் திரும்பவும் தாமதித்தார்கள். இதயத்தசை எவ்வளவு சேதமானது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையைவிட, அந்தப் படம்தான் அவர்கள் எப்படித் தேறுவார்கள் என்பதோடு நெருங்கிப் பொருந்தியது. நோயாளி தன் நோயைப் பற்றி மனத்துக்குள் வைத்திருக்கும் உருவம் எவ்வளவு வலிமையானது என்பதை இது காட்டுகிறது. தாளில் இறக்கி வைத்தால் அந்த உருவத்தை மற்றவர்கள் பார்க்கலாம், அதைப் பற்றிப் பேசலாம். தேவைப்பட்டால் திருத்தலாம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆறுதல் வேறு, சந்தோஷம் வேறு. ஓவியர் பால் க்ளேயின் கடைசி ஆண்டுகள் அதற்குச் சாட்சி. ஜெர்மனியின் ட்யூசல்டார்ஃப் கலைக்கல்லூரியில் பேராசிரியராக இருந்த அவரை 1933-இல் நாஜிகள் வெளியேற்றினார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகருக்குத் திரும்பியவரை 1935-இல் நோய் பிடித்தது. ஸ்க்ளெரோடெர்மா என்று அந்த நோயை அவர் இறந்தபின்தான் மருத்துவர்கள் அடையாளம் கண்டார்கள். உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்க, கொலாஜன் என்ற நார்ப்புரதம் அளவுக்கு மீறிப் படிந்து, தோல் இறுகித் தோலாடை போலாகும். உணவுக்குழாயும் நுரையீரலும் இதயமும் விறைக்கும்.

1936-இல் க்ளே செய்த படைப்புகள் 25 மட்டுமே. தன் படைப்புகளுக்கு அவர் வைத்திருந்த பட்டியலில் அதன்பின் எண்கள் ஏறுகின்றன: 1937-இல் 264, 1938-இல் 489, 1939-இல் 1,253. உடல் இறுக இறுக, கை விரைந்தது. முன்பு நூலிழை போல் இருந்த கோடுகள் கரும்பட்டைகளாகத் தடித்தன. தேவதைகளை வரைந்தார், மறதியுள்ள தேவதை, இன்னும் பறக்கத் தெரியாத, மனிதச்சாயல் போகாத தேவதைகள். 1940-இல் வரைந்த ‘மரணமும் நெருப்பும்’ படத்தில் வெளிறிய முகம் ஒன்று நம்மைப் பார்க்கிறது. அந்த ஆண்டு ஜூன் 29 அன்று அவர் மறைந்தார். இந்தப் படங்களில் மகிழ்ச்சி இல்லை. தன் சாவைத் தானே உற்றுப் பார்க்கும் தெளிவு இருக்கிறது. சாவு அவருக்கு நேர்ந்தது; அதைப் பற்றிய படத்தை அவர் செய்தார்.

ஆய்வுகள் எதுவரை சொல்கின்றன

2006-இல் சிகாகோ மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டிருந்த 50 புற்றுநோயாளிகள், கலைச் சிகிச்சையாளர் ஒருவரோடு ஒரு மணி நேரம் செலவிட்டார்கள். வலி, களைப்பு, சோர்வு, பதற்றம் என்று ஒன்பது அறிகுறிகளைத் தாங்களே மதிப்பிட்டதில், எட்டு குறைந்திருந்தன. குமட்டல் மட்டும் குறையவில்லை. 2016-இல் ஃபிலடெல்ஃபியாவில் 39 பேர் 45 நிமிடம் களிமண், வண்ணப்பேனா, ஒட்டுப்படம் என்று விருப்பம்போல் ஏதாவது செய்தார்கள். அவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு, மனஅழுத்த ஹார்மோனான கார்டிசால் உமிழ்நீரில் குறைந்தது. முன்பின் வரைந்து பழகியவரா, வாழ்க்கையில் தூரிகையே தொடாதவரா என்பது முடிவை மாற்றவில்லை.

2014-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் ஆய்வாளர்கள், ஓய்வுபெற்ற 28 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் பத்து வாரம் தாமே ஓவியம் செய்தார்கள். மற்றவர்கள் அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் பார்த்து விவாதித்தார்கள். தன்னைப் பற்றிய சிந்தனையோடு தொடர்புள்ள மூளை வலைப்பின்னலில் இணைப்புகள் வலுப்பட்டது, செய்தவர்களிடம்தான். மறுபடியும் அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

நேர்மையாகப் பார்த்தால் இவை சிறிய ஆய்வுகள். முதல் இரண்டிலும் ஒப்பிட்டுப் பார்க்க, வரையாத இன்னொரு குழு இல்லை. கார்டிசால் ஆய்வில் இருந்தவர்கள் ஆரோக்கியமானவர்கள். பகல் ஏற ஏறக் கார்டிசால் இயல்பாகவே இறங்கும். எர்லாங்கன் முதியவர்களும் நோயாளிகள் அல்ல. ஒரு மணி நேரம் ஒருவர் பரிவோடு பக்கத்தில் உட்கார்ந்ததன் பலன் எவ்வளவு, வண்ணத்தின் பலன் எவ்வளவு என்று பிரிப்பதும் எளிதல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, நோய்த்தடுப்பிலும் சிகிச்சைக் காலத்திலும் கலைகளுக்குப் பங்கு உண்டு என்று அறிக்கை தந்தது. துணை என்ற சொல்தான் அங்கே சரியானது. கட்டி சுருங்க மருந்து வேண்டும். தீராத மனச்சோர்வுக்கு மனநல மருத்துவர் வேண்டும். ‘மனசு உறுதியாக இருந்தால் புற்றுநோய் ஓடிவிடும்’ என்று நோயாளியிடம் சொல்வது ஆறுதல் போலத் தோன்றினாலும், நோய் முற்றினால் அது அவர் மனசின் குற்றம் என்ற பழியாக மாறிவிடும். ஓவியத்தை அந்தப் பழிக்குத் துணையாக்கக் கூடாது.

கட்டிலின் பக்கத்தில்

உடனிருப்பவர் செய்யக்கூடியது அதிகம். பெரிய செலவும் இல்லை. முதலில், கேட்க வேண்டும். ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையும் நோயாளியின் முடிவுதான். கீமோதெரபி நாட்களில் வாசனையே வாந்தியைக் கிளப்பும். டர்பன்டைன் சேரும் எண்ணெய்ச் சாயம் ஆகாது. நீர்வண்ணம், மெழுகு வண்ணக்குச்சி, வண்ணப் பென்சில் போதும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் களிமண்ணையும் பலர் கைபட்ட தூரிகைகளையும் தவிர்க்க வேண்டும்; மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ட்ரிப்ஸ் ஊசியை வரையாத கையில் போட முடியுமா என்று செவிலியரிடம் கேட்கலாம். சில மருந்துகளால் விரல் நுனி மரத்துப்போகும். தூரிகையின் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கினால் பிடிப்பு கிடைக்கும். படுக்கையில் சாய்ந்தபடி வரைய, பரீட்சை அட்டையே போதும்.

கருவி மாறினால் கலை நின்றுவிடுவதில்லை. மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப்போன பிரெஞ்சு ஓவியர் ரெனுவார், பிறர் தன் கையில் தூரிகையைப் பொருத்தித் தர, கடைசி வரை வரைந்தார்; பெரிய படங்களுக்கு, உட்கார்ந்த இடத்துக்கே கான்வாஸ் நகர்ந்து வரும்படி உருளைகளில் சுருட்டி வைத்தார்கள். சாந்திநிகேதனின் ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜி 1950-களின் பிற்பகுதியில் கண் அறுவை சிகிச்சைக்குப்பின் பார்வையை முழுதாக இழந்தார். அதன்பின் காகிதத்தை மடித்தும் வெட்டியும் ஒட்டியும், தொட்டுணர்ந்தே படைத்தார். அங்கிருந்த கலைப்பள்ளியான கலாபவனத்தின் சுவரில் பீங்கான் ஓடுகளால் ஒரு பெரும் சுவரோவியமே அமைத்தார். அவருடைய மாணவராக இருந்த திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய் 1972-இல் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார்.

படம் முடிந்ததும் ‘அழகா இருக்கு’ என்று மார்க் போட வேண்டாம். மார்க் வந்தால் அடுத்த தாளில் பயம் வரும். ‘இந்த இடத்தில் ஏன் சிவப்பு?’ என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கலாம். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. கால்மணி நேரம் போதும். களைப்புக்கு முன் நிறுத்துவது நல்லது. முடிந்த படத்தை நோயாளியின் கண்ணில் படும் இடத்தில், அவர் சொன்னால் மட்டும், ஒட்டி வைக்கலாம். மறுநாள் ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர் அதைப் பார்த்து நின்று, ‘இது யார் செய்தது?’ என்று கேட்கக்கூடும். ‘நான் செய்தேன்’ என்று சொல்லும் வாய்ப்பு அந்த வார்டில் வேறு எதற்கும் கிடைக்காது.

1952 கோடையில், பிரான்சின் நீஸ் நகரில், 82 வயது மத்தீஸுக்கு நீச்சல் வீரர்கள் பாய்வதைப் பார்க்க ஆசை வந்தது. கான் நகரத்தில் ஒரு நீச்சல்குளத்துக்குப் போனார். வெயில் தாங்க முடியாமல் திரும்பிவிட்டார். இனி என் குளத்தை நானே செய்துகொள்கிறேன் என்றார். வீட்டுச் சாப்பாட்டு அறையின் சுவர்களில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, வெள்ளைக் காகிதத்தை நாற்புறமும் ஒரு பட்டையாகச் சுற்றச் சொன்னார். நீல வண்ணத் தாளை மடியில் வைத்து வெட்டத் தொடங்கினார். பாய்பவர்கள், நீந்துபவர்கள், கடல் உயிரினங்கள், தெறிக்கும் நீர். சக்கர நாற்காலியில் இருந்தவரைச் சுற்றி அறை முழுவதும் தண்ணீர் ஏறியது.

நாம் இலக்கணத்தில் செய்பவனுக்கு வைத்திருக்கும் பெயர் எழுவாய். அந்தச் சொல்லுக்குள்ளேயே ஓர் எழுதல் இருக்கிறது. கால்கள் எழ மறுத்த அந்த மனிதர், கத்தரிக்கோல் பிடித்த கையால், அன்று மாலைவரை எழுந்துகொண்டே இருந்தார்.